லேத் பட்டறைக்குப் போகக் கூடாத சாமான்



இது நீளமான பதிவு. டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியிலேயே லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ சுற்றியது. ஒருவர் ஏர்கன்னைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மாற்றுகிறார். பிறகு ஒரு தகர டின்னைச் சுட்டு, "முன்ன பள்ளந்தான் விழுந்துச்சு, இப்ப பாருங்க, அந்தப் பக்கம் வந்துருச்சு" என்று காட்டுகிறார். கீழே நம் ஆட்களின் கைதட்டல். ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர், "நம்ம ஊர்ல இது யார் செஞ்சு தருவாங்க?" என்று கேட்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து இன்னொருவர், "லேத்துல குடுத்தா ஒரு மணி நேர வேலைங்க" என்கிறார். வேண்டாம் என்று நான் எழுதினேன். அதற்கு வந்த பதில்: "சார், கம்பெனிக்காரன் குடுத்தத அப்படியே வெச்சுக்கறதுன்னா நம்ம கைக்கு என்னங்க சார் வேலை?"

நல்ல கேள்வி. கேட்டவன் கெட்டிக்காரன். அதனால்தான் குழுவில் இரண்டு வரியில் முடிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர்கள் கம்பெனிக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு பிழைத்தவர்கள் இல்லை. லாரி கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸ் வரும். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் கூரைகூட இருக்காது. நாமக்கல் பட்டறையில்தான் அதற்குக் கேபினும் பாடியும் வரும், பெயிண்ட் வரும், கண்ணாடிக்கு மேல் சாமி பெயர் வரும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய், ஆப்பிரிக்காவரைக்கும் போய் மண்ணைத் துளைக்கின்றன. ஒவ்வொரு ஊரின் பாறைக்கும் தகுந்த மாதிரி அவற்றை மாற்றிக் கட்டியது நம் ஆட்கள்தான். கஞ்சமலை இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை வைத்தபோது சேலத்துத் தாதைத்தான் தேடி வந்தார். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நம் கருமார் அந்த இரும்பை உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆக, கை வேலைக்கு நான் எதிரி இல்லை. ஆய்வகத்தில் கால்வனாமீட்டரைக் கழற்றிப் பார்த்தவனை ஹெட்மாஸ்டரிடம் அனுப்பாமல், திரும்ப மாட்டச் சொல்லி உட்கார வைத்தவன் நான். அந்தப் பையன் இதைப் படித்துக்கொண்டிருப்பான், சிரிக்கட்டும்.

ஆனால் துப்பாக்கி அந்த வரிசையில் வராது. ஏன் வராது என்பதை உங்களுக்குத் தெரிந்த பொருளை வைத்தே சொல்கிறேன்.

லாரி டயரில் எவ்வளவு காற்று? 110, 120 பி.எஸ்.ஐ. அந்த அழுத்தத்துக்கே லாக் ரிங் தெறித்துப் பஞ்சர் கடைக்காரர் உயிர் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். கம்பிக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடி என்று சொல்வது அதற்காகத்தான். சாதாரண 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் நொடியில் குழலின் அடிப்பகுதியில் எழும் அழுத்தம் சுமார் 10,000 பி.எஸ்.ஐ. லாரி டயரைப் போல எண்பது, தொண்ணூறு மடங்கு. ரைபிளில் அதற்கும் பல மடங்கு மேல். கூண்டு கிடையாது. அந்தக் குழல் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில், கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

அதனால்தான் முறையாகச் செய்த துப்பாக்கியை விற்பனைக்கு அனுப்பும் முன் சோதனைச் சுடுதல் என்று ஒன்று செய்கிறார்கள். வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரை குழலுக்கு மட்டுமானது இல்லை. குழலின் சுவர், அதை அடைக்கும் பூட்டு, எல்லாம் இந்த அளவில், இந்தப் பதத்தில், ஒன்றோடொன்று சேர்ந்து இருந்தால் தாங்கும் என்பதற்கான சான்று அது. அதில் ஒன்றை நீங்கள் அரத்தால் ஒரு மயிரிழை தேய்த்தாலும் முத்திரை குத்தப்பட்ட துப்பாக்கி உங்கள் கையில் இல்லை. யாரும் சோதிக்காத புதுத் துப்பாக்கி இருக்கிறது. முதல் சோதனை உங்கள் முகத்துக்கு முன்னால்.

"டிரிகர் ரொம்ப இறுக்கமா இருக்குது சார், கொஞ்சம் இளக்கி விட்டா போதும்" என்பதுதான் அடிக்கடி காதில் விழுகிறது. அந்த இறுக்கத்தைக் கம்பெனிக்காரன் சோம்பேறித்தனத்தால் விட்டுவைக்கவில்லை. கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்க, வேலியில் மாட்டி இழுபட்டால் வெடிக்காமல் இருக்க வைத்தது. இளக்கினால் குறி நன்றாக விழும், உண்மைதான். ஒரு நாள் சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து விழும், அப்போதும் வெடிக்கும்.

அரசாங்கத் தொழிற்சாலையே துப்பாக்கியை மாற்றியதில்லையா என்று கேட்பீர்கள். மாற்றியிருக்கிறது. எப்படி மாற்றியது என்று பாருங்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு, வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை, .303 லீ என்ஃபீல்டு ரைபிளின் அமைப்பை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியது. புதிய தோட்டாவின் அழுத்தம் பழையதைவிட அதிகம். பழைய உடம்பில் புதுக் குழலை மாட்டிக்கொடுத்திருந்தால் வேலை சுலபம், செலவும் குறைவு. அவர்கள் அதைச் செய்யவில்லை. உடம்பின் எஃகையே மேலான எஃகாக மாற்றினார்கள். நூறு பொறியாளர்களும் சோதனைக்கூடமும் கையில் இருந்தவர்கள் அவ்வளவு யோசித்தார்கள். நம் ஆள் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே தொழிற்சாலை .303 ரைபிளைக் காவல்துறைக்காக .410 மஸ்கட்டாகவும் மாற்றியது. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். அதாவது பலத்தைக் குறைப்பதற்காக மாற்றினார்கள். வீடியோ போடுகிற ஒருவராவது துப்பாக்கியின் பலத்தைக் குறைத்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

சரி, "அதெல்லாம் பெரிய துப்பாக்கிங்க சார், இது வெறும் ஏர்கன்" என்பான். கரும்பலகைக்கு வருவோம்.

2016 ஆயுத விதிகள்படி, துளை 4.5 மி.மீ.க்குள், அதாவது .177 அளவுக்குள் இருந்து, குண்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் அந்த ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். இப்போது கணக்கு. ஈயக்குண்டின் எடை அரை கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் விநாடிக்கு 240 மீட்டர். அரை எம் வி ஸ்கொயர், மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விடை 14.4 ஜூல். ஸ்பிரிங்கை மாற்றினீர்கள், வேகம் 290 ஆனது. விடை 21 ஜூல். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். ஆற்றல் கிட்டத்தட்ட பாதி கூடிவிட்டது, ஏனென்றால் வேகம் வர்க்கத்தில் வருகிறது. (பத்தாம் வகுப்பில் இந்த வர்க்கத்தை விட்டுவிட்டு எத்தனை பேர் விடைத்தாள் கொடுத்தீர்கள்!) காலையில் பொம்மை மாதிரி இருந்தது, சாயங்காலம் பட்டறையிலிருந்து வரும்போது உரிமம் இல்லாத ஆயுதம். தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மேசை மேல் கிடக்கிறது, வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடுகிறார்கள். கண்ணைப் பறிக்க 21 ஜூல் வேண்டாம், பழைய 14.4 தாராளம். இப்போது அதே குண்டு எலும்பைப் பார்த்துப் போகிறது.

மற்ற நாடுகளும் ஏதோ ஒரு கோடு போட்டுத்தான் வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 7.5 ஜூல்தான் எல்லை. பிரிட்டனில் ஏர் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு, நம் கணக்கில் சுமார் 16 ஜூல். நம் நாட்டுச் சட்டம் இதில் தாராளமானது. அந்தத் தாராளம் போதவில்லை என்று ஸ்பிரிங் தேடுகிறோம்.

விளையாட்டு வீரர்கள் மாற்றிக்கொள்கிறார்களே என்று ஒரு தங்கை (என் மாணவிதான், இப்போது அவளே ஆசிரியை) கேட்டாள். நியாயம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் மாதிரி 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவர்கள் கன்னத்தில் படும் கட்டையை ஏற்றி இறக்கிக்கொள்வார்கள், தோளில் படும் தகட்டைத் தள்ளிக்கொள்வார்கள். துப்பாக்கியை உடம்புக்குப் பொருத்துகிற வேலை அது. தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி. அதற்கான திருகுகளைத் தயாரித்தவரே வைத்துக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகும் போட்டிக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியும் பரிசோதனை மேசைக்குப் போகும். 10 மீட்டர் கைத்துப்பாக்கியின் டிரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். அதற்குள் டிரிகர் நழுவினால் போட்டியில் இடமில்லை. எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குகிற அந்த ரைபிளின் ஆற்றல் எட்டு ஜூலைக்கூடத் தொடுவதில்லை. உலகத்திலேயே துல்லியமாகச் சுடுகிறவர்களுக்குப் போதுமான பலம், கோழிப்பண்ணைக்குப் போதவில்லையாம்.

வெளிநாட்டு வீடியோக்களைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலேயே, ஷாட்கன் குழலை 18 அங்குலத்துக்குக் கீழே குறைக்க வேண்டுமானால் மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. பம்ப் ஸ்டாக் என்று ஒரு துணைப்பொருள்; துப்பாக்கியின் பின்கட்டையைக் கழற்றிவிட்டு மாட்டுவது. ஒவ்வொரு குண்டாகச் சுடும் துப்பாக்கி அதை மாட்டினால் சரமாரியாகச் சுடும். 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் நகரில் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மேல் ஒருவன் அதை வைத்துத்தான் சுட்டான். பின்னாளில் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர். அதன் பிறகு தடை வந்தது. அந்தத் தடையும் 2024 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. சின்ன மாற்றம், சும்மா ஒரு கட்டை என்று தொடங்கியது எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அந்த நாட்டைப் பார்த்து நாம் கற்க வேண்டியது இதுவா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இனி மலையடிவாரத்துக்கு வருகிறேன். இங்கே என் குரல் கொஞ்சம் தணியும், ஏனென்றால் இங்கே இருப்பது விளையாட்டு ஆசை இல்லை, வயிற்றெரிச்சல்.

சேந்தமங்கலம், ராசிபுரம், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் மலையை ஒட்டிக் காடு வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றி என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கு பத்து மாதப் பயிர். ஒரே ராத்திரியில் கூட்டமாக வந்து உழுதுவிட்டுப் போய்விடும். கொல்லிமலை, போதமலை, கல்வராயன்மலை, சேர்வராயன்மலை, எந்த மலையடிவாரமானாலும் இதே பாடுதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் எதுவும் கூடாது. பன்றி முதலில் நுழைவதே அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவர் காட்டில்தான்! அவர் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. இழப்பீடு உரிய நேரத்தில் உரிய தொகையில் வர வேண்டும், வேலிக்கு மானியம் வேண்டும். அதற்கு மனு எழுத வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன், பைசா வேண்டாம்.

ஆனால் அந்தக் கோபத்தோடு நாட்டுத் துப்பாக்கியைத் தேடிப் போகாதீர்கள். குழல் என்று அதில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஓர் இரும்புக் குழாய். முறையான குழலைக் கெட்டி இரும்பில் துளை போட்டு எடுக்கிறார்கள்; சாதாரணக் குழாயோ தகட்டைச் சுருட்டி ஓரத்தைப் பற்றவைத்தது. தண்ணீருக்காகச் செய்தது. மருந்தின் அளவு கையளவு, கண்ணளவு. நேற்றுத் தாங்கியது என்பது இன்றைக்குத் தாங்கும் என்பதற்குச் சாட்சி இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் உள்ளுக்குள் கீறல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், வெளியே தெரியாது. பற்றவைத்த இடத்தில் சூட்டால் இரும்பின் பதம் மாறிவிடும் என்பது பட்டறைக்காரர்களான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விரல் போனவர்கள், பார்வை போனவர்கள் மலையூர்களில் இருக்கிறார்கள். வழக்குக்குப் பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் இருக்கிறார்கள். பன்றி என்று நினைத்து இருட்டில் அசைந்ததைச் சுட, விழுந்தது கூட வந்த பங்காளி என்ற செய்தி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பெயர்தான் மாறுகிறது.

"வல்வில் ஓரி ஆண்ட மண்ணுங்க சார், வேட்டை நம்ம ரத்தத்துல இருக்குது" என்று ஒரு உறவினர் போன முறை எழுதியிருந்தார். மாப்பிள்ளை, ஆடிப் பதினெட்டுக்குச் செம்மேட்டில் ஓரி விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் வைக்கிறார்கள். ரத்தம் அவ்வளவு துடித்தால் போய்க் கலந்துகொள்ளுங்கள். வில் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்காது.

கடைசியாக, பரணில் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. நம் சொந்தத்திலேயே இரண்டு மூன்று வீடு இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கி வருகிற அலுப்பு எனக்குத் தெரியும். "நீளமா இருக்குது, குழலைக் கொஞ்சம் வெட்டிட்டா ஜீப்புல வைக்க வசதி" என்ற பேச்சை ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் என் காதாலேயே கேட்டேன். தயவு செய்து சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் குழலை வெட்டிக் குறைப்பதே குற்றம். போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக்குவதும் குற்றம். 5ஆம் பிரிவுப்படி, தொழிலாகப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு இவற்றுக்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகம் போனால் ஆயுள். தாத்தா வாங்கிய லைசென்ஸ் அந்த வெட்டுக்குக் காப்பு ஆகாது. வெட்டிக் கொடுத்த லேத்துக்காரரும் உள்ளே போவார், அவர் பிள்ளை நாளைக்கு என் மாணவனின் மாணவனாக இருப்பான்.

"ஸ்டாக்காக வைத்துக்கொள்" என்று நான் சொல்வதற்குத் துருப்பிடிக்க விடு என்று அர்த்தம் இல்லை. எண்ணெய் போடுங்கள், துடையுங்கள், குழலுக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், அந்த மண் அடைப்போடு சுட்டால் குழல் பிளக்கும்). கோளாறு என்றால் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்குக் கொண்டுபோங்கள், ரசீது வாங்குங்கள். யாருமே சுடப் போவதில்லை என்றால் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, பரணில் கொஞ்சம் இடம் மிச்சம் பண்ணுங்கள்.

ராசிபுரத்துத் தம்பிக்கு: உன் ஏர்கன் பெட்டியில் வேகம் எழுதியிருக்கும், குண்டு டப்பாவில் எடை எழுதியிருக்கும். கணக்கைப் போட்டு விடையை எனக்குத் தனியாக அனுப்பு, குழுவில் போடாதே. கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறக்காதே. பண்ணைக்கு வரும் நாய்க்கும் குரங்குக்கும் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். வேலியை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கை துறுதுறுக்கிறது என்றால் அந்த வேலியில் காட்டு. எத்தனை பட்டறை வேலை வேண்டுமானாலும் அதற்குச் செய்யலாம்.